வெலாஸ்கெஸின் உருவப்படங்களைப் பார்க்கப் பழகுவது எப்படி: கொங்கு நாட்டு ஓவிய அன்பர்களுக்கு ஒரு வழிகாட்டி

கைப்பேசித் திரையில் ஓர் ஓவியத்தை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுவது இன்று எல்லாருக்கும் பழகிப்போன ஒன்று. பல ஓவியர்களுக்கு இதனால் ஏற்படும் நட்டம் ஓரளவுதான். ஸ்பெயின் நாட்டு அரசவை ஓவியரான தியேகோ வெலாஸ்கெஸுக்கோ (1599–1660) அது முழு நட்டம். பார்ப்பவர் எவ்வளவு தள்ளி நிற்கிறாரோ அதற்கேற்ப மாறும்படி அவர் தம் உருவப்படங்களைத் தீட்டினார். பன்னிரண்டு அடி தள்ளி நின்றால் மூச்சு விடும் மனிதராகத் தெரிபவர், கையெட்டும் தூரத்துக்குப் போனதும் சாம்பலும் வெள்ளையுமான சில தூரிகை இழுப்புகளாகக் கலைந்துவிடுவார். அந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே முன்னும் பின்னும் நடந்து பார்ப்பதே அவரைப் பார்க்கும் முறை. அதற்குப் படம் அதன் உண்மையான அளவில் ஒரு சுவரில் இருந்தாக வேண்டும். மாட்ரிட் வரை போகாமல் கோவையிலோ ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ நம் வீட்டுச் சுவரிலேயே இதை எப்படி ஏற்பாடு செய்துகொள்வது, செய்த பிறகு எதை எந்த வரிசையில் பார்ப்பது என்பதை, ஓவியம் பயிலும் மாணவர்களையும் பள்ளி ஓவிய ஆசிரியர்களையும் மனத்தில் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

ஓவியரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செவில் நகரில் பிறந்து, பிரான்சிஸ்கோ பச்சேகோ என்னும் ஓவியரிடம் தொழில் கற்று, 1618இல் ஆசிரியரின் மகளையே மணந்து, 1623இல் மன்னர் நான்காம் பிலிப்பின் அரசவை ஓவியரானார். அதே 1623இல்தான் மதுரையில் திருமலை நாயக்கர் ஆட்சிக்கு வந்தார் என்றும், கொங்கின் பெரும்பகுதி அப்போது மதுரை நாயக்கர்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது என்றும் நினைவில் வைத்துக்கொண்டால் காலம் மனத்தில் பதியும். இந்த ஒப்பீட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. நாயக்கர் காலத்துப் பேரூர் கனகசபை மண்டபத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கல்லில் சங்கிலி கோத்த கையைக் கண்டு வியந்த நமக்கு, நகமும் அணிகலனும் ஆடை மடிப்பும் ஒன்று விடாமல் செதுக்கப்பட்டிருந்தால்தான் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஓவியத்தையும் அதே கண்ணால் பார்த்து, 'ஒவ்வொரு முடியையும் வரைந்திருக்கிறார்' என்று பாராட்டுகிறோம். வெலாஸ்கெஸிடம் அந்தக் கண்ணோடு போனால் ஏமாற்றமே மிஞ்சும். அவர் முடிக்காமல் விட்ட இடங்களில்தான் அவருடைய முழுத் திறமையும் இருக்கிறது.

எந்தப் படத்தில் தொடங்குவது

எடுத்த எடுப்பில் அவருடைய மிகப் புகழ்பெற்ற படமான 'லாஸ் மெனினாஸ்' (இளவரசியின் தோழியர்) வேண்டாம். அது பத்தரை அடி உயரமும் ஒன்பது அடிக்கு மேல் அகலமும் கொண்ட பெரிய ஓவியம்; அதைப் பற்றிய பேச்சு அதைவிடப் பெரிது. பேச்சைக் கேட்டுவிட்டுப் படத்தைப் பார்ப்பவர் பேச்சைத்தான் பார்ப்பார். நான் பரிந்துரைப்பது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஹுவான் தெ பரேஹாவின் உருவப்படத்தை. 1650இல் ரோம் நகரில் வரையப்பட்ட அது, ஏறத்தாழ 81 சென்டிமீட்டர் உயரமும் 70 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. நம் கணக்கில் இரண்டடி எட்டங்குலத்துக்கு இரண்டடி மூன்றரை அங்குலம். வீட்டுச் சுவரில் உண்மையான அளவிலேயே மாட்டிவிடலாம். ஒரே ஆள், வெறும் பின்னணி, மூன்று நான்கு நிறங்கள் என்பதால் கண் சிதற வழியில்லை. அந்த அருங்காட்சியகம் பதிப்புரிமை முடிந்த தன் ஓவியங்களின் படக்கோப்புகளை யாரும் கட்டணமின்றி இறக்கிப் பயன்படுத்தலாம் என்று 2017இல் அறிவித்தது. அதனால் அனுமதி பற்றிய கவலையும் இல்லை.

அச்சிடுவது

கோப்பை அருங்காட்சியகத்தின் இணையதளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். தேடுபொறியில் இதே படம் மஞ்சளாக ஒன்று, சிவப்பாக ஒன்று, பளிச்சென்று ஒன்று என்று பல விதமாகக் கிடைக்கும். அவற்றில் எது ஓவியரின் நிறம் என்று நம்மால் சொல்ல முடியாது. கிடைப்பதில் பெரிய அளவுக் கோப்பையே தேர்ந்தெடுங்கள். நீளமான பக்கத்தில் நாலாயிரம் புள்ளிகளுக்குக் குறைந்தால் கிட்டத்தில் பார்க்கும்போது தூரிகைத் தடம் தெரியாது, கட்டம் கட்டமான புள்ளிகள்தான் தெரியும்.

டிஜிட்டல் பிரிண்ட் கடையில் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, ஃப்ளெக்ஸ் வேண்டாம், பளபளப்பான லேமினேஷன் வேண்டாம், கனமான மேட் பேப்பர் போதும். கேன்வாஸில் அடித்தால் அசல் போலவே இருக்கும் என்று கடையில் சொல்வார்கள். ஆனால் அந்தத் துணியின் நெசவு படத்தில் உள்ள நெசவோடும் தூரிகைத் தடத்தோடும் குழம்பி, எது ஓவியருடையது எது கடையுடையது என்று பிரித்தறிய முடியாமல் செய்துவிடும். இரண்டாவது, 'கலர் கொஞ்சம் ஏற்றட்டுமா' என்ற கேள்விக்கு உறுதியாக வேண்டாம் என்று சொல்லுங்கள். கல்யாண ஆல்பம் போடுபவர்கள் முகத்தை வெளுப்பாக்கிக் கறுப்பை அழுத்தமாக்கிப் பழகியவர்கள். அது அவர்கள் தொழிலின் தேவை. வெலாஸ்கெஸின் கறுப்பும் பழுப்பும் சாம்பலும் ஒன்றுக்கொன்று நூலிழை அளவே வேறுபடுபவை. ஏற்றினால் அத்தனையும் ஒரே இருட்டாகப் போய்விடும். மூன்றாவது, முழுப் படத்துக்கு முன், முகத்தையும் கழுத்துப்பட்டையையும் உண்மை அளவிலேயே ஒரு ஏ4 தாளில் சோதனையாக எடுத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து, கறுப்புத் தலைமுடிக்குள் வேறுபாடு தெரிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு முழுப் படத்தை எடுத்து சன்போர்டில் ஒட்டிவிட்டால், சுருளாமல் நிற்கும். முன்னால் கண்ணாடி போடாதீர்கள். சன்னலின் பிரதிபலிப்பு முகத்தின் மேலேயே விழும்.

மாட்டுவதும் வெளிச்சமும்

நம் ஊர் வீடுகளில் ஆசாரத்தில் அப்பாருவின் படத்தை நிலைக்கு மேலே, சற்று முன்சாய்வாக மாட்டுவது வழக்கம். அது வணங்குவதற்கான உயரம். இந்தப் படத்தை அதன் கண்கள் உங்கள் கண்களின் மட்டத்துக்கு வரும்படி, நேராக மாட்ட வேண்டும். எதிர்ப்புறம் குறைந்தது பன்னிரண்டு அடி வெற்றிடம் இருக்கும் சுவராகப் பாருங்கள். வீட்டில் இல்லையென்றால் பள்ளி வகுப்பறை மிகப் பொருத்தமான இடம்.

வெளிச்சத்தைப் பற்றித் திருப்பூரில் யாருக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ட்யூப் லைட்டில் ஒத்துப்போன இரண்டு துணித்துண்டுகள் வெயிலில் வேறுவேறாகத் தெரியும் என்பதால்தான் பனியன் கம்பெனிகளில் லைட் பாக்ஸ் வைத்துப் பல விளக்குகளின் கீழ் ஷேட் பார்க்கிறார்கள். அதே கண்டிப்பு இங்கும் தேவை: பகல் வெளிச்சத்தில் மட்டும் பாருங்கள். ஐரோப்பிய நூல்கள் 'வடக்குச் சன்னல்' என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே உச்சிச் சூரியன் எப்போதும் தெற்கே இருப்பதால் வடக்குச் சன்னலில் பகலின் பெரும்பொழுது நேர் வெயில் படுவதில்லை. நாம் பதினொன்றாவது அட்சரேகையை ஒட்டி இருக்கிறோம்; சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி தொடக்கம் வரை உச்சிச் சூரியனே நமக்கு வடக்கே போய்விடுகிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சன்னல் வழியே வெயில் சாய்ந்து உள்ளே விழும். அப்போது சன்னலுக்கு ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிவிட்டால் போதும், வெளிச்சம் சீராகிவிடும்.

மூன்று கோடுகள்

தரையில் சாக்பீஸால் மூன்று கோடுகள் போடுங்கள்: சுவரிலிருந்து பன்னிரண்டு அடியில் ஒன்று, ஆறடியில் ஒன்று, ஒன்றரை அடியில் ஒன்று. முதற்கோட்டில் சற்று நேரம் பேசாமல் நில்லுங்கள். உடல் பக்கவாட்டில் திரும்பியிருக்க, முகம் மட்டும் நம்மை நேராக நோக்குகிறது. நெற்றியில் ஒளி, அதற்குக் கீழே வெண்ணிறக் கழுத்துப்பட்டை, ஒரு கை வயிற்றுக்குக் குறுக்கே மடங்கியிருக்கிறது. இந்தத் தூரத்தில் அந்தக் கழுத்துப்பட்டை ஓரத்தில் லேஸ் வேலைப்பாடு செய்த துணி என்று ஐயமின்றித் தெரியும்.

ஆறடிக் கோட்டுக்கு வந்ததும் கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். உருவத்தின் விளிம்பு எங்கே கூர்மையாக இருக்கிறது, எங்கே பின்னணியில் கரைகிறது என்பதுதான் இங்கே தேட வேண்டியது. தோளின் ஒரு பகுதி பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கும். இன்னொரு பகுதி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி கலந்துவிடும். தலைமுடியும் அப்படியே. நம் ஓவிய வகுப்புகளில் முதலில் புறக்கோடு போட்டு, அதற்குள் நிறம் நிரப்பக் கற்றுத் தருகிறோம். இவரோ பெரும்பாலும் துணியின் மேல் நேரடியாக வண்ணத்தாலேயே உருவத்தைக் கட்டியெழுப்பியவர். ஆகவே அவரிடம் கோடு என்பது இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடம் மட்டுமே. ஒரு தாளில் இந்தப் படத்தின் விளிம்பை வரைந்து, கூர்மையான இடங்களை அழுத்தமாகவும் கரையும் இடங்களை விட்டுவிட்டும் குறித்துப் பாருங்கள். மாணவர்களுக்கு இதைவிட நல்ல முதற்பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது ஒன்றரை அடி. கழுத்துப்பட்டையின் லேஸைத் தேடுங்கள், இருக்காது. வெள்ளையைத் தோய்த்த தூரிகை துள்ளித் துள்ளிப் போன தடங்களும், நடுவே அடிநிறம் எட்டிப் பார்க்கும் இடைவெளிகளும் மட்டுமே இருக்கும். ஒரு பூவோ ஒரு முடிச்சோ முழுதாக வரையப்படவில்லை. நெற்றியின் ஒளியும் அருகில் வந்தால் இளஞ்சிவப்பும் பழுப்பும் சேர்ந்த சில தடித்த பூச்சுகள்தாம். அப்படியே பார்வையை எடுக்காமல் மெல்லப் பின்னோக்கி நடங்கள். எந்த அடியில் அந்தப் பூச்சுகள் சட்டென்று தோலாக மாறுகின்றன என்று கவனித்து, அந்த இடத்தில் நான்காவது கோட்டைப் போடுங்கள். அது ஒவ்வொருவர் கண்ணுக்கும் சற்று வேறுபடும். அந்த நான்காவது கோடுதான் உங்களுக்கான இடம். வெலாஸ்கெஸ் துணியிலிருந்து தள்ளி நிற்பதற்காக நீண்ட கைப்பிடி கொண்ட தூரிகைகளைப் பயன்படுத்தினார் என்று 1724இல் அவருடைய வாழ்க்கையை எழுதி வெளியிட்ட பாலோமினோ குறிப்பிடுகிறார்.

படத்தில் இருப்பவர் யார் என்பதை இதுவரை நான் சொல்லாததற்குக் காரணம், முதலில் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான். ஹுவான் தெ பரேஹா வெலாஸ்கெஸின் அடிமை. உதவியாளர் என்று மென்மையாகச் சொல்வதும் உண்டு. ஓவியக்கூடத்தில் உதவினார் என்பது உண்மை, விலைக்குரிய மனிதராக இருந்தார் என்பதும் உண்மை. போப்பாண்டவரை வரைவதற்கு முன் கையைப் பழக்கிக்கொள்வதற்காக வெலாஸ்கெஸ் இவரை வரைந்தார் என்றும், படத்தைப் பரேஹாவின் கையிலேயே கொடுத்து நண்பர்களிடம் அனுப்ப, அவர்கள் படத்தையும் எதிரே நின்றவரையும் மாறி மாறிப் பார்த்து, யாரிடம் பேசுவது என்று தெரியாமல் திகைத்தார்கள் என்றும் பாலோமினோ எழுதுகிறார். 1650 மார்ச் மாதத்தில் ரோமின் பாந்தியன் என்னும் பழங்காலக் கோயிலில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் வெலாஸ்கெஸ் விடுதலைப் பத்திரம் எழுதினார். அதிலும் இன்னும் நான்கு ஆண்டுகள் பணி செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. பிற்பாடு பரேஹா தாமே ஓவியரானார். 1661இல் அவர் தீட்டிய 'புனித மத்தேயுவின் அழைப்பு' இன்று மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதை அறிந்த பிறகு மறுபடி முதற்கோட்டுக்குப் போங்கள். பெருங்குடி மக்களை நிறுத்தும் அதே நிலையில், கெஞ்சாமலும் ஒடுங்காமலும் ஒருவர் நம்மைப் பார்க்கிறார். வரைந்தவர் அவருக்கு உரிமையாளர். அந்தப் பார்வையில் இருப்பது வரைந்தவர் தந்த மதிப்பா, வரையப்பட்டவர் விட்டுக்கொடுக்காத மதிப்பா என்பதை எவ்வளவு நேரம் பார்த்தாலும் என்னால் பிரிக்க முடிவதில்லை. மாணவர்களிடம் இந்தக் கேள்வியை வையுங்கள், விடையை வைக்காதீர்கள்.

சரிகையும் அரசரின் உடையும்

அடுத்து, லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள நான்காம் பிலிப்பின் படம்: வெள்ளி வேலைப்பாடு செய்த பழுப்பு உடையில், 1630களின் தொடக்கத்தில் வரையப்பட்டது. முழுப் படம் ஆறடிக்கும் மேல் உயரம். அதை அச்சிட வேண்டியதில்லை. மார்பும் கையும் அடங்கிய இரண்டடிச் சதுரத்தை உண்மை அளவில் எடுத்தால் போதும்.

அதைப் பார்ப்பதற்கு முன் ஒரு சோதனை. வீட்டில் சரிகை போட்ட பட்டுச்சேலை இருந்தால், குறிப்பாகச் சிறுமுகை, சத்தியமங்கலம் பக்கத்துத் தறியில் நெய்தது இருந்தால், முந்தானை தெரியும்படி சன்னலருகே நாற்காலியில் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். பன்னிரண்டு அடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடி, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வாயால் சொல்லுங்கள். மாங்காயும் மயிலும் தெரியாது. மடிப்பின் முதுகில் விட்டு விட்டு மின்னும் வெண்புள்ளிகள் தெரியும்; மடிப்பின் பள்ளத்தில் அதே சரிகை பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும்; ஒளி நேராகப் படாத இடத்தில் சரிகையே இல்லாதது போலத் தோன்றும். மாங்காய் இருப்பது நமக்குத் தெரிந்திருப்பதால் அதைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறோம். இப்போது அரசரின் மேலாடையைப் பாருங்கள். வெள்ளி வேலைப்பாட்டின் வடிவத்தை வெலாஸ்கெஸ் வரையவே இல்லை. வெளிச்சம் அதன் மேல் பட்டுச் சிதறிய விதத்தைப் புள்ளியும் வளைவுமாக விட்டுச் சென்றிருக்கிறார். சேலையையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முன்னும் பின்னும் நடந்தால், இரண்டும் ஒரே தூரத்தில் உருப்பெறுவதைக் காணலாம். சரிகையோடு வாழ்நாளைக் கழித்த நெசவாளர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டினால், கலை நூல் படித்தவர்களைவிட விரைவாக இதைக் கண்டுகொள்வார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

அரசரின் பிற படங்களில் கறுப்பு உடையே மிகுதி. 1623இல் பிலிப்பின் அரசு பெரிய சுருக்கக் கழுத்துப்பட்டைகளைத் தடை செய்தது. அதன் பிறகு அட்டை வைத்து விறைப்பாக்கிய எளிய, தட்டையான பட்டை வழக்கத்துக்கு வந்தது. கறுப்பு உடைக்கு மேல் அந்த ஒரு வெள்ளைத் துண்டு முகத்தைத் தனியே ஏந்திக் கொடுக்கிறது என்பதைக் கவனியுங்கள். கறுப்புக்குள் எத்தனை கறுப்பு என்று எண்ணிப் பாருங்கள்: பட்டின் கறுப்பு, கம்பளியின் கறுப்பு, நிழலின் கறுப்பு. இந்த வேலைக்கு அச்சைவிடக் கணினித் திரை நல்லது. அறையை இருட்டாக்கித் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். திரையில் பார்ப்பதால் இன்னொரு ஆதாயமும் உண்டு. பிராடோவில் உள்ள, அரசர் குதிரை மேல் அமர்ந்த படத்தில் குதிரையின் பின்னங்கால்களை ஓவியர் முதலில் வேறு இடத்தில் வரைந்து, பிறகு மாற்றியிருக்கிறார். எண்ணெய் வண்ணம் காலப்போக்கில் ஒளி ஊடுருவும் தன்மை பெறுவதால், மூடிய பழைய கால்கள் மங்கலாக மேலே தெரிகின்றன. கைப்பேசியின் படத்திருத்தச் செயலியில் வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் சற்றுக் கூட்டினால் தெளிவாகக் காணலாம். அரசரின் படத்திலும் தயங்கி மாற்றியிருக்கிறார் என்பது வரையப் பழகும் பிள்ளைகளுக்குப் பெரிய தெம்பு.

சிறு சோதனைகள் சில

அரண்மனையில் விகடம் செய்தவர்களில் ஒருவரான பாப்லோ தெ வயதோலித்தின் படத்தில் தரையும் இல்லை, சுவரும் இல்லை. சாம்பல் கலந்த பழுப்பு வெளியில் அவர் காலகற்றி நிற்கிறார். காலடியில் உள்ள நிழலை மட்டும் ஒரு துண்டுத் தாளால் மறையுங்கள். மனிதர் உடனே மிதக்கத் தொடங்குவார். தாளை எடுத்ததும் தரை வந்துவிடும். 1865இல் மாட்ரிட் வந்த பிரெஞ்சு ஓவியர் மானே மிகவும் வியந்து எழுதியது இந்தப் பின்னணியைப் பற்றித்தான்.

ரோமில் டோரியா பாம்ஃபிலி மாளிகையில் இருக்கும் போப்பாண்டவர் பத்தாம் இன்னொசென்ட் படத்தில் சிவப்புகளை எண்ணுங்கள். மேலங்கி, தொப்பி, நாற்காலி, பின்திரை, முகம் என்று எல்லாமே சிவப்பு. ஒன்று போல் மற்றொன்று இல்லை. சாயப்பட்டறை அனுபவம் உள்ளவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணினால் இன்னும் நல்லது. படத்தைக் கண்ட போப் 'அளவுக்கு மீறிய உண்மை' என்று சொன்னதாக ஒரு மரபுவழிக் கதை உண்டு. கதை எப்படியோ, அந்தக் கண்களின் ஓரப்பார்வையை எதிர்கொண்டு நின்றால் அதை நம்பத் தோன்றும்.

வியன்னாவில் உள்ள, நான்காம் பிலிப்பின் மகளான இளவரசி மார்கரீட்டாவின் மூன்று படங்களையும் வயது வரிசைப்படி அடுக்குங்கள்: இளஞ்சிவப்பு உடை, வெள்ளை உடை, நீல உடை. 1651இல் பிறந்த அந்தக் குழந்தை, வியன்னா அரச குடும்பத்தைச் சேர்ந்த தன் தாய்மாமனான லியோபோல்டுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தாள். பெண் எப்படி வளர்கிறாள் என்று காட்டுவதற்காக இந்தப் படங்கள் வியன்னாவுக்கு அனுப்பப்பட்டன. தாய்மாமன் முறை என்பது நமக்குப் புதிதில்லை என்பதால் நாம் இதை எளிதில் புரிந்துகொள்வோம். ஆனால் மூன்று வயதில் ஒரு கையை மேசை மேல் ஊன்றியபடி நிற்கும் அந்தக் குழந்தையின் முகத்தையும், 1659இல் எட்டு வயதில் நீல உடையின் பெரும் விரிவுக்கு மேலே தெரியும் முகத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. 1666இல் மணமாகி, 1673இல் இருபத்தொன்றாம் வயதில் அவள் இறந்தாள். தூரிகையைப் பொறுத்தவரை, மூன்றாவது படத்தின் நீல உடை முதற்படத்தின் உடையைவிடப் பன்மடங்கு தளர்வாக வரையப்பட்டது என்பதை ஒன்றரை அடிக் கோட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கையால் அறிவது

பார்த்ததைக் கையாலும் ஒருமுறை செய்து பார்க்க விரும்புபவர்கள் முகத்தில் கை வைக்க வேண்டாம். பரேஹாவின் கழுத்துப்பட்டை அல்லது அரசரின் கைப்பகுதியில் ஒரு சாண் இடம் போதும். கேன்வாஸ் போர்டில் முதலில் சாம்பல் கலந்த பழுப்பை மெல்லியதாகப் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். வெள்ளைப் பரப்பில் நேரடியாகத் தொடங்கினால் இடைவெளிகள் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்து பயிற்சியே கெட்டுவிடும். மஞ்சள் காவி, செங்காவி, கறுப்பு, வெள்ளை ஆகிய நான்கு ஆயில் கலர் ட்யூபுகள் போதுமானவை. வெலாஸ்கெஸின் வெள்ளை ஈயத்தால் ஆனது, நஞ்சு. நமக்கு டைட்டானியம் வெள்ளையே போதும். டர்பன்டைன் பயன்படுத்தினால் சன்னலைத் திறந்து வையுங்கள். பிரஷ்ஷின் பின்முனையில் ஒரு முழ நீளக் குச்சியை நூலால் இறுகக் கட்டி, கையை நீட்டித் தள்ளி நின்று வரையுங்கள். முதலில் கை நடுங்கும், தடம் எங்கோ போகும். அதனாலேயே நுணுக்கமாக வரைய முடியாமல் போய், கண் ஒளியை மட்டும் தேடத் தொடங்கும். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் உங்கள் நான்காவது கோட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வைத்த தடத்தை மறுபடி தொட்டுச் சரிசெய்யாதீர்கள்; பிடிக்கவில்லையென்றால் துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

அச்சில் ஒருபோதும் கிடைக்காதது வண்ணத்தின் தடிப்பு. அதற்கு யாருடைய எண்ணெய் ஓவியமாக இருந்தாலும் அசலைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். கோவை அவினாசி சாலையில் உள்ள கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் அதற்கு ஏற்ற இடம்.

கடைசியாக 'லாஸ் மெனினாஸ்'

1656இல் வரையப்பட்ட இந்தப் படத்துக்குப் பள்ளியின் புரொஜெக்டரும் வெள்ளைச் சுவரும் வேண்டும். உருவம் பத்தரை அடி உயரம் வரும்வரை கருவியைப் பின்னுக்கு நகர்த்துங்கள். அறை போதாவிட்டால் கலையரங்கத்தில் போடுங்கள். அந்த அளவில் இளவரசி மார்கரீட்டா வகுப்பில் இருக்கும் ஐந்து வயதுக் குழந்தையின் உயரத்துக்கு வந்துவிடுவாள், பிள்ளைகள் அவளுக்கு எதிரே நிற்பார்கள். பின்சுவரின் கண்ணாடியில் அரசரும் அரசியும் தெரிவதைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும். சிவந்த சிறு மண்குடுவையை நீட்டும் தோழியின் விரல்களையும், முன்னால் படுத்திருக்கும் நாயின் ரோமத்தையும், தூரிகை பிடித்து நிற்கும் ஓவியரின் கையையும் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பரேஹாவின் கழுத்துப்பட்டையில் பழகிய கண்ணுக்கு இவை தாமாகவே பிடிபடும். ஓவியரின் மார்பில் உள்ள சிவப்புச் சிலுவை, 1659இல் அவருக்குச் சாந்தியாகோ வீரர் பட்டம் கிடைத்த பிறகு சேர்க்கப்பட்டது. 1734இல் மாட்ரிட் அரண்மனை தீப்பிடித்தபோது இந்த ஓவியம் சேதமடைந்து, பிறகு செப்பனிடப்பட்டது. ஆகவே நாம் காணும் ஒவ்வோர் அங்குலமும் அவர் கை பட்டதில்லை.

ஏற்றுமதி வேலையாக ஸ்பெயின் போய் வரும் திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. பிராடோவில் மாலையின் கடைசி இரண்டு மணி நேரம் நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் வரிசை நீளம், உள்ளே கூட்டமும் அதிகம். ஒரு நாளே கிடைக்கும் என்றாலும் கட்டணம் செலுத்திக் காலையிலேயே போவது மேல். 'லாஸ் மெனினாஸ்' பன்னிரண்டாம் எண் அறையில் இருக்கிறது. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை என்பதால், இங்கே வீட்டில் குறித்து வைத்த தூரங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். முதலில் அறையின் கோடிக்குப் போய் நின்று, பிறகு நெருங்குங்கள்.